ராத்திரி சாப்பாடு எப்ப வரும்?

வணக்கம் நேயர்களே. நான் ஜெர்மனியில ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கறேன். எங்க ஸ்கூலுக்கும் ஸ்பெயின்ல இருக்கிற ஒரு ஸ்கூலுக்கும் ரொம்ப வருஷமா மாணவர் எக்ஸ்சேஞ்ச் நடந்துட்டு இருக்கு, பசங்களைக் கூட்டிட்டுப் போறது, திரும்பக் கொண்டு வந்து சேக்கறது, நடுவுல வர்ற அழுகை, கோவம், தொலைஞ்ச ஃபோன், எல்லாத்தையும் சமாளிக்கிற கூட்டத்துல நானும் ஒரு ஆளு. அதைப் பத்திக் கொஞ்சம் பேசச் சொன்னாங்க, பேசறேன்.

ஏற்பாடு ரொம்ப சிம்பிள். பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்க. முதல்ல ஸ்பெயின் பசங்க இங்க வருவாங்க, ஹோட்டல் கிடையாது, ஆளுக்கு ஒரு ஜெர்மன் பையனோ பொண்ணோ ஜோடி, அவங்க வீட்லதான் தங்கணும் சாப்பிடணும், காலையில அவங்க கூடவே ஸ்கூலுக்கு வரணும். சில மாசம் கழிச்சு அதே ஜோடி அப்படியே திரும்பும், இந்தப் பிள்ளைங்க அங்க போவாங்க. எராஸ்மஸ்னு ஐரோப்பாவோட மாணவர் எக்ஸ்சேஞ்ச் திட்டம் கேள்விப்பட்டிருப்பீங்க, 1987-ல காலேஜ் பசங்களுக்காக ஆரம்பிச்சது, அதுல காலேஜ் பசங்க போய் ஒரு ரூம் எடுத்துத் தங்கி அவங்க பாட்டுக்கு இருந்துக்கலாம். இது அப்படி இல்ல, இன்னொருத்தர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில போய் உக்காரணும். வம்பே அங்கதான் ஆரம்பிக்கும்.

சாயங்காலம் ஆறரை மணி. ஜெர்மன் அம்மா மேசையில ரொட்டிக் கூடை வைக்கிறாங்க, ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, சீஸ், ஹாம், ஊறுகாய் போட்ட குட்டி வெள்ளரிக்கா, வெண்ணெய். எல்லாம் ஜில்லுனு இருக்கு, அடுப்பே பத்த வைக்கல. ஸ்பெயின் பொண்ணு பாக்குது, சரி இது டிஃபன் போலன்னு ஒரே ஒரு ஸ்லைஸ் ரொட்டி எடுத்துக்குது, இன்னொண்ணு வேணுமான்னு கேக்கறாங்க, வேணாம்னு சொல்லுது. ஏன்னா முதல் தடவை கேட்டா வேணாம்னுதான் சொல்லணும், அவங்க இன்னும் ரெண்டு தடவை கேப்பாங்க, அப்புறம் எடுத்துக்கலாம், அதுதானே மரியாதை. நமக்கு இது நல்லாப் புரியும். ஆனா ஜெர்மன் அம்மாவுக்கு வேணாம்னா வேணாம்தான், அதுக்கு மேல கேட்டா பிள்ளையைத் தொந்தரவு பண்ற மாதிரி, அதனால மேசையைத் துடைச்சு எடுத்து வச்சுட்டாங்க. ஒன்பதரை மணிக்கு அந்தப் பொண்ணு ரூம்ல உக்காந்துட்டு ஸ்பெயின் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல கேக்குது, "உங்க வீட்ல டின்னர் வந்துச்சா?" அந்தப் பக்கம் இருந்து வரிசையா பதில், "இல்ல", "இங்கயும் வரல", "எங்க வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க".

சில மாசம் கழிச்சு இதே கூத்து தலைகீழா. ஜெர்மன் பையன் அங்க போயிருக்கான், மத்தியானச் சாப்பாடே ரெண்டரை மூணு ஆயிடுது. சாயங்காலம் ஆறு மணி வாக்குல மெரியெண்டான்னு ஒரு டிஃபன், ரொட்டிக்குள்ள ஏதாவது வச்சுக் குடுப்பாங்க. இவன் அதுதான் ராத்திரி சாப்பாடுன்னு ரெண்டு ரொட்டியை உள்ள தள்ளிட்டான், ஒன்பதரைக்கு மேல உருளைக்கிழங்கு முட்டை போட்ட தோர்த்தியா தட்டு நிறைய வருது, வயித்துல இடமில்ல, வேணாம்னாலும் அந்தப் பாட்டி விடல.

இந்த நேரக் கூத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. பெர்லின்லயும் மாட்ரிட்லயும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும், ஆனா மாட்ரிட் ரொம்ப மேற்க இருக்கு, சூரியன் பெர்லினைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சுத்தான் அங்க உச்சிக்கு வரும். பக்கத்துல இருக்கிற போர்ச்சுகல் ஒரு மணி பின்னாடிதான் வச்சிருக்கு, ஸ்பெயினும் அப்படித்தான் இருந்துச்சு, 1940-ல சர்வாதிகாரி ஃப்ராங்கோ ஆட்சியில ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி ஜெர்மனி நேரத்தோட சேத்துட்டாங்க, அப்புறம் பழைய இடத்துக்குக் கொண்டு வரவே இல்ல. ஜூன் மாசத்துல விகோ மாதிரி மேற்கு ஊர்கள்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், யாரு ஆறரைக்கு சாப்பிடுவாங்க சொல்லுங்க? இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், பழக்கமும் இருக்கு, ஆனா ஸ்பெயின்காரங்க சோம்பேறி, லேட்டுன்னு சட்டுனு முத்திரை குத்தறவங்களுக்கு இதை நான் கண்டிப்பா சொல்லுவேன்.

மத்த வித்தியாசமெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடும். பாத்த உடனே கன்னத்துல ரெண்டு முத்தம், ஞாயித்துக்கிழமை ஜெர்மனியில கடை மூடியிருக்கிறது, குளிர்லயும் ஜன்னலைத் திறந்து வைக்கிறது, காலி பாட்டிலைக் கொண்டு போய்க் குடுத்தா 25 சென்ட் திரும்பக் கிடைக்கிறது (ஸ்பெயின் பசங்களுக்கு இது ஒரு விளையாட்டாவே ஆயிடும்). ஸ்பெயின்ல டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, அதைக் கேட்டு எங்க பசங்க திருதிருன்னு முழிப்பாங்க.

பேசற விதம் இருக்கே, அதுதான் உண்மையிலயே கஷ்டம். ஸ்பெயின் வீட்ல ஞாயிறு மத்தியானம் தாத்தா பாட்டி மாமா அத்தை எல்லாரும் இருப்பாங்க, டிவி ஓடும், நாலு பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க, சாப்பிட்டு முடிச்சும் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, பேச்சு ரெண்டு மணி நேரம் போகும். எங்க பையன் ஒருத்தன் நல்ல பையன், ஸ்பானிஷ் நல்லாவே படிச்சவன், ஒருத்தர் முடிச்சதும் பேசலாம்னு காத்துட்டே இருந்தான், யாரும் முடிக்கல. அந்த வீட்ல இவனுக்கு எங்களைப் பிடிக்கலயோன்னு கவலை. இவனுக்கு நம்மகிட்ட யாரும் பேசலயேன்னு வருத்தம். கடைசியில அவனோட ஜோடி தான் விஷயத்தைப் பிடிச்சுட்டு, "யாரும் உனக்காக நிறுத்த மாட்டாங்கடா, நீயா குதி"ன்னு சொல்லிட்டு மேசைக்கு அடியில காலால ஒரு தட்டு தட்டுவான், இவன் உடனே பேசணும், அதுதான் சிக்னல். மூணாவது தட்டுல இவன் ஃபுட்பால் பத்தி மாமாவோட சண்டையே போட்டான்.

அதே வீட்டுத் தாத்தா ஒரு தனிக் கதை. 1960-ல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல தொழிலாளர் ஒப்பந்தம் போட்டாங்க, 1973 வரைக்கும் சுமார் 6 லட்சம் ஸ்பானியர்கள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாங்க, நிறைய பேர் திரும்பி வந்துட்டாங்க, அதுல இவரும் ஒருத்தர். ஷிஃப்ட்டு, ஓவர்டைம், மெஷினை நிறுத்துன்னு ஃபேக்டரி ஜெர்மன் மட்டும் ஞாபகம் வச்சிருக்காரு. பேரன் வீட்டுக்கு வந்த ஜெர்மன் பையன்கிட்ட அதை அப்படியே எடுத்து விட்டாரு. அந்தக் காலத்துல ஹாஸ்டல்ல இருந்தேன், ஒரு ஜெர்மன்காரன் வீட்டுக்குள்ளயும் போனதே இல்லன்னாரு. அந்தப் பையன் இதை பஸ்ல என்கிட்ட சொல்லிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

நட்பு பெரும்பாலும் ரெண்டாவது பயணத்துலதான் உண்டாகுதுங்கறது என் கணிப்பு. முதல் தடவை வீட்டுக்காரப் பிள்ளை ராஜா, வந்த பிள்ளை ஊமை. திருப்பிப் போகும்போது ராஜா ஊமை ஆயிடறான், அப்பதான் "ஓ, நீ என் வீட்ல இப்படித்தான் பசியோட உக்காந்திருந்தியா"ன்னு கேப்பான். எல்லா ஜோடிக்கும் இது நடக்காது, வீட்டுக்குப் போனதோட சரின்னு முடிஞ்சு போற ஜோடிங்களும் நிறைய.

ஐரோப்பாவுல இருக்கிற நம்ம பெற்றோர் சிலர் கேட்டுட்டு இருப்பீங்க, உங்க பிள்ளைக்கும் இந்த ஃபார்ம் வரும். அலர்ஜி, நாய் பூனை, ஹாபின்னு கேட்டிருப்பாங்க, அதையெல்லாம் நிரப்பிட்டு கீழ இருக்கிற காலி இடத்துல உங்க வீட்ல எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீங்க, அதுல எது ராத்திரி சாப்பாடுன்னு தெளிவா எழுதி அனுப்புங்க. நன்றி, வணக்கம்.