பின் சைட் வெட்டு: சதுரமா, யூவா, வியா?

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையில் துப்பாக்கி எதுவும் இல்லை, கவனித்திருப்பீர்கள். கறுப்பு அட்டைத் துண்டுகள், கத்தரிக்கோல், ஸ்கேல், அவ்வளவுதான். கைத்துப்பாக்கியின் பின் சைட்டில், அதாவது குறி பார்க்கப் பின்பக்கம் இருக்கும் தகட்டில், உள்ள வெட்டு சதுரமா, ஆங்கில எழுத்து U போலவா, V போலவா, எந்த வடிவத்தில் இருந்தால் நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அதைப் பேச அட்டையே போதும். சுடும் இடத்தில் நின்று பேசினால் பாதி உங்கள் காதில் விழாது, அது வேறு விஷயம்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரே ஒரு வரி. முன் சைட், அதாவது குழல் முனையில் நிற்கும் சிறு பட்டை, அதன் தலையும் பின் சைட்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன் சைட்டின் இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சம் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். குறி பார்ப்பது என்றால் இவ்வளவுதான். ஆனால் இதில் துளி பிசகினால் என்ன ஆகும் தெரியுமா? முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 160 மி.மீ. இருக்கும் ஒரு பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சைட் 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 156 மி.மீ. தள்ளிப் போய் விழும். இங்கே வெறும் ஒரு மி.மீ. விலகல், அங்கே கிட்டத்தட்ட முக்கால் சாண்.

சரி, இப்போது இந்த அட்டையைப் பாருங்கள். சதுர வெட்டு. இதற்குப் பின்னால் முன் சைட் மாதிரி ஒரு பட்டையை நிறுத்துகிறேன். கேமராவின் ஃபோகஸ் பட்டையின் மேல் இருக்கிறது, அதனால் வெட்டு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். நிஜத்திலும் அப்படித்தான், கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். உங்களுக்கு என்ன தெரிகிறது? சாத்திய கதவின் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசிவதுபோல, இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் ஒரு கோடு. வெட்டின் அடிப்பாகம் தெரிகிறதா? நடுவில் இருப்பதைப் பட்டை மறைத்துவிட்டது. இரண்டு மூலைகள் மட்டும்தான் மிச்சம்.

நான் சொல்ல வந்ததே இதுதான். சதுரமா யூவா என்று சண்டை போடுகிறோமே, அந்த வித்தியாசம் முழுக்க இருப்பது அந்த அடி மூலைகளில்தான். சுடும்போது நாம் நம்பியிருப்பதோ மேல் விளிம்பையும் பக்கச் சுவர்களையும்.

இந்தச் சதுர வெட்டும், தட்டையான தலை கொண்ட முன் சைட்டும் சேர்ந்த ஜோடிக்கு பேட்ரிட்ஜ் சைட் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கொண்டுவந்த அமெரிக்கத் துப்பாக்கி வீரர் ஒருவரின் பெயர் அது. இன்றைக்கும் போட்டிகளில் இதுதான் ராஜா. 10 மீட்டர் ஏர் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கில் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., 10 புள்ளி வளையம் வெறும் 11.5 மி.மீ. சைட்டுகளுக்கு நடுவே 350 மி.மீ. இருந்தாலும்கூட, 0.2 மி.மீ. பிசகினால் குண்டு நடுவிலிருந்து 10 வளையத்தின் விளிம்புக்குப் போய்விடும். அந்தத் துப்பாக்கிகளில் வெட்டின் அகலத்தைத் திருகாணியால் கூட்டவும் குறைக்கவும் முடியும். வடிவத்தை யாரும் மாற்றுவதில்லை, சதுரம் சதுரமாகவே இருக்கிறது. மாற்றுவது அகலத்தை. இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அடுத்து யூ. அடிப்பாகம் வளைந்திருப்பதால் வெளிச்சக் கோடு கீழே போகப் போகக் குறுகுகிறது, பாருங்கள். தட்டையான பட்டையை வைத்தால் இது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் முன் சைட்டில் வட்டமான ஒரு வண்ணப் புள்ளி, அல்லது வெளிச்சத்தை வாங்கி முனையில் ஒளிரும் ஃபைபர் குழாய் இருந்தால் கதை மாறும். வட்டத்தைப் பார்த்த கண் அதை வளைவுக்குள் தானாகவே நடுவில் உட்கார வைக்கப் பார்க்கும். வேகமாகச் சுடுபவர்களுக்கு இது பிடிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்று, யூவின் மேல் பாதியில் சுவர்கள் நேராக இருக்க வேண்டும், மேல் விளிம்பு தட்டையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேலே நடப்பது சதுரத்தில் நடப்பதேதான்.

வி. லூகர், மவுசர் சி96 போன்ற பழைய ஜெர்மன் பிஸ்டல்களில் பார்க்கலாம். வி வெட்டு, அதற்குக் கூம்பு மாதிரி கூரான முன் சைட். பார்க்க மிக அழகு. எனக்கும் பிடிக்கும், சுவரில் மாட்டி வைக்க. சதுர வெட்டில் முன் சைட் மேலே ஏறினாலும் பக்கத்து இடைவெளிகள் மாறாது. உயரம் ஒரு கணக்கு, பக்கம் ஒரு கணக்கு. வியில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உயரம் மாறினால் இடைவெளியின் உருவமும் மாறுகிறது. போதாக்குறைக்கு மங்கிய வெளிச்சத்தில் கூர்முனை கண்ணுக்குக் கரைந்துபோகும். முனை எங்கே என்று தேடி முன் சைட்டை உயர்த்துவோம், குண்டு மேலே போகும்.

அகன்று விரிந்த, ஆழமில்லாத வி ஒன்றும் உண்டு. வேட்டை ரைஃபிள்களிலிருந்து வந்தது, எக்ஸ்பிரஸ் சைட் என்பார்கள். அதில் பெரிய வெள்ளைப் புள்ளி ஒன்றை அடியில் உட்கார வைப்பது முறை. கைக்கெட்டும் தூரத்தில் வேகம்தான். 25 மீட்டரில் அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல மேல் கோடு எதுவும் இல்லை. எனக்கு ஒத்துவரவில்லை.

ஓட்டை வடிவப் பின் சைட், கோஸ்ட் ரிங், பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரைஃபிளில் அது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும், வளையம் மங்கி மறைந்து பார்வை மட்டும் மிஞ்சும். பிஸ்டலில் அது கை நீளத்துக்குத் தள்ளி இருக்கிறது. வளையம் மறையாது, மறைக்கும். அடுத்ததுக்குப் போவோம்.

அகலத்துக்கு வருவோம், நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பின் சைட் கண்ணிலிருந்து 600 மி.மீ., முன் சைட் 760 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெட்டும் முன் சைட்டும் இரண்டுமே 3.5 மி.மீ. அகலம். வெளிச்சமே தெரியாது என்றுதானே நினைப்பீர்கள்? தெரியும். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரிவதால், முன் சைட்டின் இடத்தில் அந்த வெட்டு 4.4 மி.மீ. ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவான வெளிச்சம். கை குட்டையானவருக்கு இன்னும் அதிகம், நீளமானவருக்குக் குறைவு. ஒரே சைட் இரண்டு பேருக்கு இரண்டு மாதிரி தெரிவது இதனால்தான்.

இடைவெளி மிகக் குறுகினால் மங்கலில் இரண்டு கோடுகளும் அடைபட்டுப்போகும், அதுவும் வெளிச்சம் குறைந்த இடத்தில். வயது ஏற ஏறக் கிட்டப் பொருளில் ஃபோகஸ் கஷ்டமாகும், அவர்களுக்குக் கொஞ்சம் அகலம் நல்லது. ரொம்ப அகலம் கொடுத்தால் முன் சைட் உள்ளே ஊசலாடுவதே தெரியாது. மெல்லிய கோடு சமமாக இருக்கிறதா என்று கண்ணால் சொல்வது எளிது, அகன்ற வெளியில் அது கடினம்.

பின் சைட்டில் இரண்டு, முன் சைட்டில் ஒன்று என்று வரும் மூன்று வெள்ளைப் புள்ளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புள்ளிகளை வரிசைப்படுத்தினால் விளிம்புகளும் வரிசையாகிவிடும் என்று நம்ப வேண்டாம். புள்ளி கொஞ்சம் மேலே கீழே இருந்தால் இரண்டும் இரண்டு இடத்தைக் காட்டும். பகலில் விளிம்பை நம்புங்கள், பின் புள்ளிகளை மார்க்கரால் கறுப்பாக்கிப் பாருங்கள்.

முன் சைட்டை மாற்றப்போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மெல்லிதாக மாற்றினால் குண்டு விழும் இடம் மாறாது. உயரம் மாறினால் மாறும். சைட்டுகளுக்கு நடுவே 160 மி.மீ. இருக்கும் பிஸ்டலில் அரை மி.மீ. கூடுதல் உயரமான முன் சைட் போட்டால், 25 மீட்டரில் குண்டு 78 மி.மீ. கீழே போகும். அதனால் வாங்கும் முன் பழையதன் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். அளக்கும் முன் குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்னால் குண்டு உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள்.