நாற்காலியில் உட்காராத பெரியம்மா

(மூத்த மகளிர் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். வாசலுக்குப் பக்கமாக இடம் பார்த்து, வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். அந்த இடத்தை ஏன் பிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பாதியில் எழுந்து போக வேண்டியிருந்தால் தாராளமாகப் போங்கள். கழிப்பறை இடதுபக்க வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. பேச்சைத் தொடங்கும் முன் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தேன்.

என் பெரியம்மா யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். "இங்கயே சௌகரியமா இருக்கும்மா" என்று சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். எவ்வளவு எளிமையான மனுஷி என்று ஊரே பேசியது. நாங்களும் நம்பினோம். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். கேட்டால் முழங்கால் வலி என்பார். கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டும் பொறுப்பு எனக்கு வந்தபோதுதான் பழைய வேட்டித் துணிகளை மடித்து மடித்துப் பெட்டியில் அவர் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஏறத்தாழ இருபது வருஷம் அவருக்குச் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. அடுத்தவர் வீட்டு மெத்தை நாற்காலியில் ஈரம் பட்டுவிடுமோ என்ற பயத்தைத்தான் நாங்கள் எளிமை என்று பாராட்டியிருக்கிறோம். ஒரே ஒரு முறை ஒரு டாக்டரிடம் சொன்னாராம். "வயசானா அப்படித்தாம்மா" என்று பதில் வந்ததாம். அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வயதாக ஆக இது அதிகம் வரும் என்பது உண்மை. வயதானால் இப்படித்தான் கிடக்க வேண்டும் என்பது உண்மை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

உடம்பில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். முன்பக்கம் இடுப்பெலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, குழந்தைக்குத் தூளி கட்டுவது போல, தசைகள் தொங்குகின்றன. இடுப்புத்தளத் தசைகள் என்று பெயர். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் இந்தத் தூளிதான் தாங்குகிறது. பிரசவத்தில் அது இழுபட்டுத் தளர்கிறது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு குறைவதால் சிறுநீர்த்தாரையைச் சுற்றியுள்ள திசுக்கள் மெலிகின்றன. நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குவது, கூடுதல் உடல் எடை எல்லாம் மேலிருந்து அழுத்துகின்றன.

கசிவிலும் முக்கியமாக இரண்டு வகை உண்டு. தும்மினால், இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சொட்டுவது ஒரு வகை. இங்கே தாங்குகிற தூளி தளர்ந்திருக்கிறது. இன்னொன்று, குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே முட்டிக்கொண்டு வருவது. வீட்டுப் பூட்டில் சாவியை நுழைப்பதற்குள் போய்விடும். இங்கே மூத்திரப்பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்குகிறது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள், பயிற்சி அதைப் பொறுத்து மாறும்.

இந்தத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை 1948இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதி வெளியிட்டார். இன்றும் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். யோகத்தில் மூலபந்தம் என்று ஒன்று உண்டு. ஆசனவாய்ப் பகுதியைச் சுருக்கி மேலே இழுத்துப் பிடிப்பது. அதைத் தொடர்ந்து செய்தால் மலமும் மூத்திரமும் குறையும், கிழவனும் இளைஞன் ஆவான் என்று ஹடயோக பிரதீபிகை சொல்கிறது. உடனே, பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் மார் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தட்ட மாட்டேன். அந்த நூல் துறவு வழியில் போன ஆண்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. நாலு பிள்ளை பெற்ற எழுபது வயது அம்மாவின் கசிவு அதன் விஷயமே இல்லை. தசை ஒன்றுதான், பாதை வேறு. நம் கேள்விக்கு நாம்தான் சோதித்துப் பதில் தேட வேண்டும்.

அப்படிச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலிசன் ஹுவாங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பத்தாண்டுக்கு மேலாக இதைச் செய்துவருகிறார்கள். 2014இல் வெளிவந்த முதல் ஆய்வு மிகச் சிறியது. 19 பெண்கள், ஆறு வாரம். யோகா செய்தவர்களுக்குக் கசிவு 70 சதவீதம் குறைந்தது, செய்யாதவர்களுக்கு 13 சதவீதம்தான். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் விளம்பரம் செய்யலாம். அந்தக் குழு அப்படிச் செய்யாமல் பெரிய ஆய்வுக்குப் போனது. அதனால்தான் அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

பெரிய ஆய்வின் முடிவு 2024இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்தது. 45 முதல் 90 வயது வரை 240 பெண்கள். சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இடுப்புத்தளத்தை மையமாக வைத்த யோகா, மறுபாதிக்குச் சாதாரணமாகத் தசையை நீட்டி வலுவாக்கும் உடற்பயிற்சி. இரு தரப்புக்கும் வாரம் இரண்டு வகுப்பு, ஒரு நாள் தானாகப் பயிற்சி, 12 வாரம். கொரோனா வந்ததும் வகுப்புகள் காணொளிக்கு மாறின.

தொடங்கும்போது அந்தப் பெண்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 3.4 முறை கசிந்துகொண்டிருந்தது. யோகா செய்தவர்களுக்கு அதில் 2.3 முறை குறைந்தது. யோசித்துப் பாருங்கள், தினம் மூன்று நான்கு தடவை என்று இருந்தது ஒரு தடவையாகிவிட்டது. ஆனால் சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் 1.9 முறை குறைந்திருந்தது. யோகாதான் மேல் என்று அடித்துச் சொல்ல அந்த இடைவெளி போதவில்லை. ஒன்றுமே செய்யாத மூன்றாவது குழு இல்லாததால், இந்தக் குறைவில் எவ்வளவு தானாக வந்தது என்றும் பிரித்துச் சொல்ல முடியாது.

யோகா சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். இந்த முடிவைப் படித்த அன்று மனது கொஞ்சம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்து என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். கசிவுக்குப் பயந்து வெளியே போவதை விட்டதில் அவருக்கு நடையும் நின்றது. அதனால் கால் தசை தேய்ந்தது, எடை கூடியது, எழுந்து கழிப்பறைக்குப் போக நேரம் அதிகமானது, அதனாலேயே கசிவும் கூடியது. ஆடாமல் அசையாமல் இருப்பதுதான் இந்த வியாதிக்குத் தீனி. அந்த ஆய்வில் இரண்டு குழுவும் செய்தது ஒன்றுதான், வாரத்தில் மூன்று நாள் உடம்பை அசைத்தார்கள். எனவே, யோகா பிடிக்காது என்பவர்களுக்கு நான் சொல்வது, வேறு நல்ல பயிற்சியைச் செய்யுங்கள். சும்மா மட்டும் இருக்காதீர்கள்.

பிறகு யோகாவை ஏன் சொல்லிக்கொடுக்கிறேன்? மூச்சுக்காக. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதோடு சேர்ந்து நம் தூளியும் லேசாக இறங்குகிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலே ஏறுகின்றன. சுருக்கச் சொன்னால் பெரும்பாலான பெண்கள் மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, பல்லைக் கடிக்கிறார்கள். தூளி மேலே ஏறுவதற்குப் பதில் கீழே தள்ளப்படுகிறது. மூச்சோடு சேர்ந்து சுருக்கவும், முக்கியமாக முழுதாகத் தளர்த்தவும் யோகா கற்றுத்தருகிறது. சிலருக்கு இந்தத் தசை எப்போதும் இறுகியே கிடக்கும். அவர்களுக்குத் தளர்த்துவதுதான் மருந்து. அடுத்த காரணம் ஐயங்கார். மைசூரில் யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றுப் புனேயில் போய் அமர்ந்த பி.கே.எஸ். ஐயங்கார், மரக்கட்டை, கயிற்றுப்பட்டை, போர்வை, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஆசனத்துக்குத் துணையாக்கினார். வளையாத உடம்புக்கும் ஆசனத்தில் இடம் உண்டு என்று காட்டினார். கலிபோர்னியாக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் அந்த முறையைத்தான். தாடாசனம், திரிகோணாசனம், சுவரில் சாய்ந்து செய்யும் உத்கடாசனம், தலையணை வைத்துச் செய்யும் சுப்த பத்தகோணாசனம் போன்றவை.

கபாலபாதி மாதிரி வயிற்றை வேகமாகத் தள்ளுகிற பயிற்சிகளைக் கசிவு இருப்பவர்களும் கர்ப்பப்பை இறங்கியவர்களும் விட்டுவிடுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முன்னால் குனிவதில் கவனமாக இருங்கள். கண் அழுத்த நோய் இருப்பவர்கள் தலை கீழே போகிற எதையும் செய்யக் கூடாது. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், திடீரென்று தொடங்கிய கசிவு, கால் மரத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள். சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கேளுங்கள். அவசரக் கசிவுக்குத் தருகிற மாத்திரைகளில் சில, முதியவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி, குழப்பம் கொண்டுவரும். அதையும் மருத்துவரிடம் கேட்பதில் தப்பில்லை.

வாசலில் உங்களுக்குத் துண்டுச் சீட்டு கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம் என்றோம். நேரம் குறைவு, மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"மூணு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல. சரியா?" சரியில்லை அம்மா. படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்வது வேறு. நாள் முழுக்கக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி மூத்திரப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். குறைக்க வேண்டியது காபியும் டீயும். நம் வீடுகளில் அதைக் குறைப்பது தண்ணீரைக் குறைப்பதைவிடக் கஷ்டம் என்று தெரியும். நாலு டம்ளரை இரண்டாக்கிப் பாருங்கள்.

"வந்துருச்சுன்னா ஓடறேன். ஓடும்போதே போயிருது." ஓடாதீர்கள். ராத்திரியில் ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! நின்ற இடத்திலேயே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். அடித்தசையை ஐந்தாறு தடவை வேகமாகச் சுருக்கி விடுங்கள். முட்டல் அலை மாதிரி, ஏறும், இறங்கும். இறங்கியபின் மெதுவாக நடந்து போங்கள். ஒரு வாரத்தில் பழகாது, விடாதீர்கள். தும்மலில் கசிபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணத்தில் முதலில் சுருக்குங்கள், பிறகு தும்முங்கள்.

கடைசிச் சீட்டு. "எனக்கு 78. ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. தரையில உக்கார முடியாது. இனிமே செஞ்சு என்ன ஆகப்போகுது?"

இதை எழுதிய அம்மா எங்கே இருக்கிறீர்கள் என்று தேட மாட்டேன். எல்லோரும் சேர்ந்தே செய்வோம், யாருக்கும் யார் என்று தெரியாது. நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படட்டும். எட்டவில்லை என்றால் கைப்பையைக் காலுக்கடியில் வையுங்கள். தோளைத் தளர விடுங்கள். நாலு பேர் நடுவில் வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அந்தத் தசைதான். அதிலிருந்து தொடங்கி முன்பக்கம் வரை மேலே இழுக்க வேண்டும். தொடை இறுகக் கூடாது, பிட்டம் இறுகக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் எதுவும் செய்வதே தெரியக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், அது பயிற்சி இல்லை.

மூச்சை உள்ளே இழுங்கள், கீழே தளர்வாக விடுங்கள். இப்போது மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே மேலே இழுங்கள். ஐந்து எண்ணுகிறேன். இப்போது விடுங்கள், முழுதாக விடுங்கள். பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். இதை எட்டு முறை, காலை, மதியம், இரவு. மூன்று மாதம் விடாமல் செய்தபிறகுதான் பலன் இருக்கிறதா இல்லையா என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து எண்ணும்வரை பிடிக்க முடியாது, இரண்டிலேயே நழுவும். இரண்டே போதும், அங்கிருந்து தொடங்குவோம்.

மறுபடியும். மூச்சை உள்ளே இழுங்கள்.