சிபியு 8 சதவீதம்தான் ஓடுது, ஆனா பில் வரமாட்டேங்குது!

[திரையில்: கடையின் பில் கவுண்டர். வரிசையில் நாலைந்து பேர். கணினித் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.]

"தம்பி, பதினோரு மணி ஆனா போதும், பில்லு படுத்துடுது. அரை மணி கழிச்சு தானா எழுந்துக்குது."

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போனில் சொன்னது இது. கடையில் மூன்று பில் கவுண்டர்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சர்வர். பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், திரையும் கீபோர்டும் இல்லாமல் ஓடும் பழைய பெட்டி. உள்ளே உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளம். நான் போவதற்கு முன்பே யாரோ சொன்னதைக் கேட்டு 8 ஜிபி ரேமை 16 ஆக்கியிருந்தார். மறுநாள் பதினோரு மணிக்குப் பெட்டி வழக்கம்போலப் படுத்தது.

திரையே இல்லாத பெட்டியின் நாடியை எப்படிப் பிடிப்பது? பிரவுசர் வழியாகத்தான். இதற்குப் பல மென்பொருட்கள் உண்டு. விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2018இல் கொடுத்த விண்டோஸ் அட்மின் சென்டர். லினக்ஸுக்கு 1997இலிருந்தே இருக்கும் வெப்மின். நொடிக்கு நொடி வரைபடம் வேண்டுமென்றால் நெட்டேட்டா. நான் இங்கே போட்டது காக்பிட். காரணம் எளிது: நாம் பார்க்காத நேரத்தில் அதன் பக்கம் ஓடிக்கொண்டே இருக்காது. பிரவுசரில் திறந்தால்தான் எழுந்துகொள்ளும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் பெட்டியில் கண்காணிக்கும் மென்பொருளே இன்னொரு சுமையாகக் கூடாது இல்லையா?

[திரையில்: போன் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரி, பின்னால் 9090.]

நிறுவிய பிறகு, அதே வைஃபையில் இருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ சர்வரின் ஐபி முகவரியைப் போட்டு, பின்னால் :9090 என்று காக்பிட்டின் போர்ட் எண்ணையும் (நுழைவாயில் எண்) சேர்த்துத் திறங்கள். "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் மிரட்டும். சர்வர் தானே தயாரித்துக்கொண்ட சான்றிதழ் என்பதால் அப்படிச் சொல்கிறது. உங்கள் கடைக்குள்ளேயே இருக்கும் பெட்டிதான் என்று தெரிந்தால் தாண்டிப் போகலாம். சர்வரின் அதே பயனர் பெயர், அதே பாஸ்வேர்டு.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்க வசதியாக இருக்குமே என்று ரவுட்டரில் இந்தப் போர்ட்டை வெளி உலகுக்குத் திறந்துவிடாதீர்கள். வெப்மினின் 1.890 பதிப்பில் யாரோ பின்கதவு வைத்திருந்தது 2019இல்தான் வெளியே தெரிந்தது. நல்ல பெயர் எடுத்த மென்பொருளுக்கே அந்தக் கதி. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன் (கடை நெட்வொர்க்குக்குள் வர ஒரு பாதுகாப்பான தனிப்பாதை) போடுங்கள்.

சரி, கடைக்கு வருவோம். காக்பிட்டோடு பிசிபி என்ற துணை மென்பொருளையும் முதல் நாள் மாலையே போட்டுவிட்டேன். நேற்று என்ன நடந்தது என்று பார்க்க அது வேண்டும். ஆனால் அது நிறுவிய நேரத்திலிருந்துதான் கணக்கு சேர்க்கும். பிரச்சினை வந்த பிறகு போட்டால் பழைய கதை கிடைக்காது.

மறுநாள் காலை கவுண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பதினொன்று. வட்டம் சுற்ற ஆரம்பித்தது. போனில் மெட்ரிக்ஸ் பக்கம்.

[திரையில்: சிபியு 8 சதவீதம். லோடு: 1 நிமிடம் 6.2.]

சிபியு 8 சதவீதம். அதாவது சும்மா இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே லோடு 6.2 என்று நிற்கிறது. நிறைய பேர் குழம்புவது இங்கேதான். லோடு என்பதை சிபியு உழைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். லினக்ஸில் அப்படி இல்லை. சிபியுவில் ஓடுபவர்கள் (அதாவது நிரல்கள்), அதற்காக வரிசையில் நிற்பவர்கள் இவர்களோடு, டிஸ்க் பதில் சொல்லட்டும் என்று அசையாமல் காத்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. ரேஷன் கடையில் எடை போடுபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், வெளியே பெரிய வரிசை. காரணம், குடோனிலிருந்து மூட்டை வரவில்லை. அதே நிலைமைதான். சிபியு குறைவு, லோடு அதிகம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை.

டிஸ்க் வரைபடத்தைப் பார்த்தால் மலை போல ஏறியிருந்தது. அந்தப் பெட்டியில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்ன வேலை கொடுத்தால் நொடிக்கு நூறு சொச்சம் முடிப்பதே பெரிய விஷயம். யாரோ ஒருவர் பெரிய ஃபைலை இழுத்துக்கொண்டிருக்கும்போது மூன்று கவுண்டர்களும் பில் எழுதச் சொன்னால், அதன் முள் அங்குமிங்கும் ஓடியே களைத்துப்போகும்.

அப்படியானால் ரேம்? முன்பு பார்த்தவர் "ஃப்ரீ 200 எம்பிதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை டிஸ்க்கிலிருந்து படித்ததை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும்; கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது ஃப்ரீ இல்லை, அவைலபிள். அதோடு ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடம்) அசைகிறதா என்பதும். ஸ்வாப் அசையவே இல்லை. புது ரேமுக்குக் கொடுத்த காசு... அண்ணனிடம் அப்போது நான் எதுவும் சொல்லவில்லை.

டிஸ்க்கை இழுப்பது யார்? லாக்ஸ் பக்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு பொறி இருக்கிறது: முதலில் பிழைகளை மட்டும்தான் காட்டும். பின்னணி வேலைகள் தெரிய வேண்டுமென்றால் முன்னுரிமையை 'இன்ஃபோ' என்று மாற்ற வேண்டும். மாற்றியதும், என் போனின் நேரப்படி 11:00க்கு நேராக கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் நிரல்) ஒரு வேலையைத் தொடங்கியதாக வரி. பேக்கப். பில் தரவு முழுவதையும் அதே டிஸ்க்கில் இன்னொரு இடத்துக்கு நகல் எடுக்கிறது. (அதே டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது பற்றித் தனி வீடியோவே போடலாம்.)

"பேக்கப்பா? அது கடை திறக்கறதுக்கு முன்னாடி அஞ்சரைக்குல்ல வெச்சது!" என்றார் அண்ணன்.

ஓவர்வியூ பக்கத்துக்குத் திரும்பினேன். சர்வரின் நேரம் 5:42. சுவர்க் கடிகாரம் 11:12.

[திரையில்: இரண்டு நேரங்களும் அருகருகே.]

உபுண்டு சர்வரை நிறுவும்போது கடிகாரம் யுடிசியில்தான், அதாவது உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நாமாக மாற்றினால்தான் உண்டு. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. பெட்டிக்கு விடியற்காலை 5:30 என்றால் கடலூருக்குப் பதினோரு மணி, கடையில் கூட்டம் சேரும் நேரம். பில்லில் அச்சாகும் நேரம் கவுண்டர் கணினிகளிலிருந்து போவதால் இத்தனை நாளாக யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தின் மேலேயே தொட்டு, ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் 11:05க்கு போன். "தம்பி, மறுபடியும் படுத்துடுச்சு."

மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலத்தைத் தாண்டி வண்டியை விரட்டினேன். தப்பு என்னுடையதுதான். கிரான் தொடங்கியபோது பார்த்த நேர மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். மாற்றியதை அதற்குச் சொல்ல அதை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சர்வீசஸ் பக்கம், கிரான், ரீஸ்டார்ட். பத்து நொடி வேலை.

அதற்கடுத்த நாள் கடைக்குப் போய் வரைபடத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். டிஸ்க் மலை 5:30க்கு ஏறி, ஆறு மணிக்கு இறங்கியிருந்தது. பதினோரு மணிக்கு சிறு மேடுகள் மட்டும்: பில்கள்.