ஏசி காத்து ரூமுக்குப் போகுது, திரும்பி வர வழி இருக்கா?

[காட்சி: பாளையங்கோட்டையில் கட்டி முடியப்போகும் ஒரு வீடு. ஃபால்ஸ் சீலிங் இன்னும் மூடவில்லை. கான்கிரீட்டுக்குக் கீழே தொங்கும் டக்ட் (ஏசி காற்று போகும் தகரக் குழாய்) மேல் கேமரா மெதுவாக ஊர்கிறது.]

வணக்கம் மக்களே. சீலிங்கை மூடுறதுக்கு முன்னாடியே இந்த வீட்டைப் படம் பிடிக்கணும்னு வந்தோம். மூடிட்டா டக்ட்ல இருக்க தப்பு கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் பில்லுலதான் தெரியும்.

நம்ம ஏசி ஒரு ஹீட் பம்ப்தான், அதாவது ஒரு இடத்துல இருக்க வெப்பத்தை அள்ளி இன்னொரு இடத்துல கொண்டு போடுற மெஷின். நாலு வழி வால்வு ஒண்ணு உள்ள இருந்தா திசை மாறி, குளிர்காலத்துல வெளி வெப்பத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்திரும். திருநெல்வேலிப் பக்கம் அந்தச் சூடு பட்டனுக்கு வேலையே இல்ல, மாஞ்சோலை உசரத்துக்குப் போனாத்தான் நெனைக்கத் தோணும். அதனால டக்டைக் குளிரை நெனைச்சே போடுவோம். குளிர்ந்த காத்து கனம், தானாக் கீழ இறங்கும். காத்து ரூமுக்குள்ள வர கிரில் மேல இருந்தாப் போதும்.

[காட்சி: சுவரில் சாக்பீஸால் கணக்கு எழுதும் கை.]

இந்த வீட்டு மெஷின் 3 டன். ஒரு டன்னுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 400 கன அடி காத்து ஓடணும். அப்ப மொத்தம் 1,200. மெயின் டக்ட்ல காத்து நிமிஷத்துக்கு 800 அடி வேகத்துக்கு மேல போகாம வச்சா, ஒன்றரை சதுர அடி வழி வேணும். அதான் இங்க 18 இஞ்சுக்கு 12 இஞ்ச் டக்ட். பெட்ரூமுக்குப் பிரியுற கிளையில 400 கன அடி, வேகம் 600. கணக்குப் போட்டா 12-க்கு 8 வரும். இதைச் சுருக்கி, "இடம் இல்ல சார், 8-க்கு 6 போட்டிருவோம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. ராத்திரி பூரா இரைச்சல் கேக்கும், காத்தும் வராது.

மெஷினுக்கும் டக்ட்டுக்கும் நடுவுல கேன்வாஸ் துணி கட்டியிருக்காங்க பாருங்க, அது மோட்டார் அதிர்வு தகரத்துல ஏறாம இருக்க. கடைசித் துண்டு ஃப்ளெக்சிபிள் டக்ட், வளையுற குழாய். இதை இழுத்து விறைப்பாக் கட்டணும், 5 அடிக்கு உள்ள ஒரு தாங்கல் வேணும். மிச்சம் இருக்குன்னு சுருட்டி உள்ள திணிச்சா காத்துக்கு அங்கயே பாதி பலம் போயிரும்.

[காட்சி: பெட்ரூம் கதவு. கதவைச் சாத்தியதும், அடி இடுக்கில் பிடித்த காகிதத் துண்டு வெளிப்பக்கமாகப் படபடக்கிறது.]

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாரேன். முக்காவாசி வீட்டுல காத்து உள்ள போறதுக்கு மட்டும்தான் டக்ட் போடுதாங்க. திரும்பி வர வழியை யாரும் கேக்கதே இல்ல. ரிட்டர்ன் கிரில் ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஹால்ல. பெட்ரூம் கதவைச் சாத்துனதும் உள்ள போன 400 கன அடிக்கு வெளிய வர எடம் எங்க இருக்கு? மூணடிக் கதவுக்கு அடியில ஒரு இஞ்ச் இடைவெளி விட்டாக் கூட கால் சதுர அடிதான். அது வழியா அவ்வளவு காத்தும் வரணும்னா நிமிஷத்துக்கு 1,600 அடி வேகம் வேணும், கதவு விசிலடிக்கும். கதவு அடைச்சுக்கிட்டதும் ரூமுக்குள்ள அழுத்தம் ஏறும், புதுக் குளிர் காத்து உள்ள வராம முரண்டு பண்ணும்.

ஹால்ல நடக்கது இன்னும் மோசம். மெஷின் ஹால்ல இருந்து காத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ரூமுக்குப் போனது திரும்பி வராது. அந்தக் குறையை ஈடு கட்ட ஜன்னல் இடுக்கு, மாடிப்படிக் கதவு, அடுக்களைப் பக்கம் எங்க ஓட்டை கிடைச்சாலும் வெளிக் காத்தை இழுக்கும். ஆனி ஆடியில பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அடிக்க காத்து உங்களுக்கே தெரியும், அந்தப் புழுதி பூரா வீட்டுக்குள்ளதான். வெக்கையும் சேந்து வரும். அப்புறம், "அண்ணாச்சி, மெஷின் சரியில்ல"ன்னு ஆளைக் கூப்பிடுவோம். மெஷின் மேல ஒரு குத்தமும் கிடையாது.

ஒவ்வொரு பெட்ரூமுக்கும் தனி ரிட்டர்ன் டக்ட் போட முடிஞ்சா அதுதான் உத்தமம். முடியலையா, கதவுக்கு மேல சுவர்ல ரெண்டு பக்கமும் கிரில் வச்சு வழி விடுங்க. பேச்சுச் சத்தம் கேக்குமேன்னு யோசிச்சா, சீலிங்குக்கு மேல வளைச்சு ஒரு சின்ன டக்ட் கொண்டு போய் ஹால்ல இறக்கலாம். ஹால் ரிட்டர்ன் கிரில் ரெண்டடிக்கு ரெண்டடிக்குக் குறையக் கூடாது. அடுக்களையில இருந்தும் பாத்ரூம்ல இருந்தும் ரிட்டர்ன் எடுக்கவே எடுக்காதீங்க, தாளிக்க வாசம் எல்லா ரூமுக்கும் போயிரும்.

[காட்சி: டக்ட் மேல் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், இணைப்பில் விரல் வைத்துக் காட்டுதல்.]

ஐப்பசி கார்த்திகை மழையில 30 டிகிரியும் 80 சதவீத ஈரமும் இருக்க காத்து, 26 டிகிரிக்குக் கீழ இருக்க எதைத் தொட்டாலும் தண்ணியா மாறும். டக்ட்டுக்குள்ள ஓடுறது 14 டிகிரி சுமார். இந்த ரப்பர் இன்சுலேஷன்ல ஒரு இணைப்பு விட்டுப் போனாலும் சொட்டிச் சொட்டி சீலிங்ல மஞ்சக் கறை விழும். இணைப்புல முதல்ல சீலண்ட், அதுக்கு மேல அலுமினிய டேப். துணி டேப் வெக்கைக்கு உரிஞ்சிரும். மெஷின் தண்ணி வெளிய போற டிரைன் பைப் பத்தடிக்கு ஒண்ணேகால் இஞ்ச் சரியணும்.

[காட்சி: கிளை டக்டுக்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரின் கைப்பிடி, கையில் காத்து அளக்கும் மீட்டர்.]

கடைசியா, காத்தைப் பிரிச்சு விடுறது. பாளையங்கால் வாய்க்கால்ல தலைமடையைத் திறந்தே போட்டா கடைமடை வயலுக்குத் தண்ணி போகுமா? அதே கணக்குத்தான். ஃபில்டரைக் கழுவி, எல்லா டேம்பரையும் முழுசாத் திறந்து, ராத்திரி எந்தக் கதவைச் சாத்துவீங்களோ அதைச் சாத்திக்கிடுங்க. ஒவ்வொரு கிரில்லயும் அஞ்சாறு எடத்துல அளந்து சராசரி எடுங்க. மெஷினுக்குப் பக்கத்து ரூம்ல நிறைய வரும், கடைசி ரூம்ல கொஞ்சமா வரும். பக்கத்து டேம்பரைக் கொஞ்சம் மூடுங்க. ஒண்ணை மூடுனா மத்த எல்லாம் மாறும், அதனால மறுபடி ஒரு சுத்து அளக்கணும். ரெண்டு மூணு சுத்துல சரியாகும். கிரில்லோட இதழை மூடி அட்ஜஸ்ட் பண்ண வேண்டாம், சத்தம் அங்கதான் பொறக்கும். கிளை பிரியுற எடத்து டேம்பர்ல பண்ணுங்க.

அப்புறம் 20 நிமிஷம் ஓட விட்டு, ரிட்டர்ன் கிரில்லயும் சப்ளை கிரில்லயும் தெர்மாமீட்டர் வைங்க. 8-ல இருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா நல்லது. அதுக்கு மேல போனா காத்து ஓட்டம் பத்தலைன்னு அர்த்தம். ரொம்பக் குறைஞ்சா ஏசி கேஸ் பாக்குற ஆளைக் கூப்பிடணும்.

சரியா வந்ததும் டேம்பர் கைப்பிடி நிக்க எடத்துல பெயிண்ட்டால ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. மெஷினுக்குக் கீழ ஆள் கை நுழைய ஒரு திறப்பு விட்டிருக்காங்களான்னு பாத்த பிறகு சீலிங் ஆளுக்குச் சரி சொல்லுங்க.