கதை சொன்னவர் நாகேஷ், சிரிக்க வைத்தவர் பாலையா

நண்பர்களே, வணக்கம்.

1964இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ இன்றைக்கும் சிரிப்பு மூட்டுகிறதா என்று கேட்டால், ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று பதில்கள் வருகின்றன. பெரியவர்கள் வசனத்தை முந்திக்கொண்டு சொல்லிச் சிரிக்கிறார்கள். பிள்ளைகளோ, நாகேஷ் கதை சொல்லும் காட்சியை மட்டும் போனில் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் இழுவை என்கிறார்கள். இன்னும் சிலருக்குப் படத்தின் காதல் பகுதியே உறுத்துகிறது.

உறுத்துகிறது என்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. பெண்ணோடு வம்பு செய்து, சீண்டிச் சீண்டியே காதலுக்கு வந்து சேர்கிறான் நாயகன். அந்தக் காலத்துப் படங்களில் அது வழக்கம்தான். அதற்காக இன்று அதை ரசித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. படித்து முடித்து ஊர் திரும்பும், பணக்காரர் விஸ்வநாதனின் (பாலையா) இரண்டு மகள்களுக்கும் நகைச்சுவையில் பெரிய பங்கு எதுவும் கிடையாது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடு செய்பவர் நகைச்சுவை நடிகை சச்சு.

ஆனால் ‘இழுவை’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கதை சொல்லும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். சினிமா எடுக்கத் துடிக்கும் மகன், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி செல்லப்பா (நாகேஷ்), தன் பணக்கார அப்பா விஸ்வநாதனுக்குத் திகில் கதை சொல்கிறார். கதை என்று அதில் பெரிதாக ஒன்றுமே இல்லை. கதவு கிறீச்சிடுவதும் காலடி ஓசையும் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. திரையில் பேயும் வருவதில்லை. பயம் முழுக்கப் பாலையாவின் முகத்தில்தான் நடக்கிறது. கண் உருள்கிறது, வாய் உலர்கிறது. நாகேஷின் வேகத்தைப் பாராட்டாதவர் இல்லை. சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் எதிரில் அப்படி ஒருவர் உட்கார்ந்து கேட்டதால்தான் அந்தக் காட்சி நின்றது. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து எழுதிய எழுத்திலும் பலம் இருந்தது. 1966இல் இதே கதை ‘ப்யார் கியே ஜா’ என்று இந்திக்குப் போனபோது, மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்த அந்தக் காட்சி அங்கேயும் பேர் வாங்கியது.

அப்புறம், பணம். இந்தப் படத்தின் உண்மையான நகைச்சுவை அங்கேதான் இருக்கிறது. விஸ்வநாதனால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாயகன் அசோக், அந்த முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு ‘விஸ்வநாதன், வேலை வேண்டும்’ என்று பாடுகிறான். அதே பையனுக்குப் பெரிய கோடீஸ்வரர் அப்பா என்று அவன் நண்பனாக நடிக்கும் முத்துராமன் கிழவர் வேஷத்தில் வந்து நின்றதும், பாலையா குழைந்துபோய்க் கேட்கிறார்: ‘அசோகர் உங்க மகருங்களா?’ பெயருக்கும் மரியாதை, மகனுக்கும் மரியாதை! பணம் ஒரு மனிதரின் நாக்கை என்ன பாடு படுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வசனம் தமிழ்ப் படத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கே கேலிக்கு ஆளாவது ஏழையோ, நிறமோ, உடம்போ அல்ல, கையில் பணமும் அதிகாரமும் வைத்திருப்பவர். அதனால்தான் இன்றும் உள்ளுக்குள் எந்த உறுத்தலும் இல்லாமல் சிரிக்க முடிகிறது.

போனில் வெட்டிப் பார்க்கிற துண்டில் கிடைக்காதது இதுதான். அங்கே பாலையா பயந்துபோன ஒரு பெரியவர், அவ்வளவே. முழுப் படத்தில் அவர் காசுக்குக் கணக்குப் பார்க்கிறவர், பையனின் சினிமாவுக்குப் பணம் தரக் கூடாது என்று உறுதியாக இருப்பவர். அந்த உறுதியோடு உட்கார்ந்தவர்தான், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கத் தவிக்கும் குழந்தையாக நம் கண்ணெதிரே மாறிப்போகிறார்.