பெருவெடிப்பைச் சொன்னது ஒரு சுவாமி! | காலிமுகத்திடலில இருந்து

வணக்கம் மக்களே. காலிமுகத்திடல்ல நிக்கிறன். காத்துக் கூட, மைக்கில இரைஞ்சா பொறுத்துக்கொள்ளுங்கோ. போன வீடியோவுக்குக் கீழ கன பேர் எழுதியிருந்தீங்கள், ‘பெருவெடிப்பைத் திருவாசகம் அப்பவே சொல்லிட்டுது, அதைப் பற்றிப் போடுங்கோ’ எண்டு. பெருவெடிப்பெண்டா, பிரபஞ்சம் மிகச் சின்ன, சூடான நிலையில இருந்து தொடங்கி விரிஞ்சு வந்தது எண்டுற விஞ்ஞான விளக்கம். குர்ஆன்ல இருக்கு எண்டு சிலர், பைபிளின்ர முதல் வரியே அதுதான் எண்டு சிலர். கொழும்பெண்டா எல்லாரும் இருப்பம்தானே.

சரி, ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுறன். ஜோர்ஜ் லெமைத்ர். பெல்ஜியம்காரர், 1923ல குருப்பட்டம் எடுத்த கத்தோலிக்க சுவாமி. பௌதிகப் பேராசிரியரும்கூட. பிரபஞ்சம் விரிஞ்சுகொண்டு போகுது எண்டு 1927லயே கணக்குப் போட்டு எழுதினார். ‘கணக்குச் சரி, ஆனா பௌதிகம் சகிக்கேல்ல’ எண்ட மாதிரி ஐன்ஸ்டைன் முகத்துக்கு நேரயே சொல்லிப்போட்டார். மனுசன் அசையேல்ல. எல்லாம் ஒரு ஆதி அணுவில இருந்து தொடங்கியிருக்கும் எண்டு 1931ல இன்னும் ஒரு படி மேல போனார்.

ஒரு சுவாமி இப்பிடிச் சொன்னா சந்தேகம் வராதே? பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொய்ல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அவருக்குத் தொடக்கம் எண்ட கதையே பிடிக்காது. 1949ல பிபிசி வானொலியில ‘பிக் பேங்’, அதான் பெருவெடிப்பு, எண்டு பேர் வச்சது அவர்தான். ஏத்துக்கொள்ளாத ஆள் வச்ச பேர்தான் நிலைச்சது, பாருங்கோ.

மற்றப் பக்கம், 1951ல பாப்பரசர் 12ஆம் பயஸ், விஞ்ஞானமே படைப்புக்குச் சாட்சி சொல்லுது எண்ட தோரணையில ஒரு உரை. லெமைத்ர் துள்ளிக் குதிச்சிருப்பார் எண்டுதானே நினைப்பீங்கள்? இல்லை, அவருக்கு அது துளியும் பிடிக்கேல்ல. வத்திக்கான் வானாய்வகப் பணிப்பாளரோட கதைச்சார். அடுத்த வருசம் உரோமையில வானியலாளருக்குப் பேசேக்க பாப்பரசர் அந்தப் பக்கமே போகேல்ல. தன்ர கணக்கு மதக் கேள்விக்கு வெளியில நிக்குது, நம்புறவனும் நம்பாதவனும் அதை எடுக்கலாம் எண்டுறதுதான் லெமைத்ரின்ர நிலைப்பாடு.

வழக்கைத் தீர்த்தது ஹொய்லும் இல்லை, பாப்பரசரும் இல்லை. நியூ ஜேர்சியில ஒரு வானொலி அன்டனா. 1964ல பென்சியாஸ், வில்சன் எண்ட ரெண்டு பேருக்கு அதில ஒரு இரைச்சல் நிக்கவே மாட்டன் எண்டுது. புறா எச்சமோ எண்டு அதையும் துடைச்சுப் பாத்தவை! எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல். அதுதான் பிரபஞ்சம் தொடக்கத்தில சூடா இருந்த காலத்தின்ர மிச்சம், இப்ப மைனஸ் 270 பாகை அளவில ஆறிக் கிடக்குது. 1966ல சாகிறதுக்குக் கொஞ்சம் முந்தி லெமைத்ருக்கு அந்தச் செய்தி போய்ச் சேந்தது.

இப்ப திருவாசகம். அதில திருவண்டப்பகுதி எண்ட அகவல்ல அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேல விரிஞ்சது எண்டு வருது, உண்மைதான். வட்ஸ்அப்பில அதோட வெட்டிப்போடுவினம். அடுத்த வரியை ஆர் பாக்கிறது? வீட்டுக்குள்ள விழுற வெயில்ல தூசி பறக்குமே, அவ்வளவு அண்டமும் சிவனுக்கு முன்னால அந்தத் தூசி எண்டுறார் மாணிக்கவாசகர். அவர் அளந்தது பிரபஞ்சத்தையில்லை. அதைத் தூக்கிப் பௌதிகப் பாடமாக்கினா எனக்கு அவரைக் குறைச்சுப்போட்ட மாதிரித்தான் இருக்கு. லெமைத்ர் பாப்பரசருக்குச் செய்ததை எங்கட ஆக்களுக்கும் ஆராவது செய்யவேணும்.

கீழ சண்டை பிடிக்கிறதெண்டா பிடியுங்கோ, ஆனா அந்த அகவலை ஒருக்கா முழுசா வாசிச்சிட்டு வாங்கோ.