மூன்று எழுத்துகளுக்காக ஒரு நொதியம்

வணக்கம். ஹட்டனிலிருந்து பேசுகிறேன். புரதத் தொகுப்பைப் பற்றிய சென்ற காணொளியைப் பார்த்துவிட்டு, பண்டாரவளையில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு ஒரு முழுக் காணொளியையே ஒதுக்க வேண்டும் என்று தோன்றியது. புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் இடமாற்று ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் 3' முனையில், அதாவது இழையின் கடைசி நுனியில், சைற்றோசின், சைற்றோசின், அடினைன் என்ற அதே மூன்று எழுத்துகளில்தான் முடிகின்றன என்றால், அவற்றை மரபணுவிலேயே எழுதி வைத்துவிடலாமே, பிறகு எதற்கு அவற்றைச் சேர்ப்பதற்கென்றே தனியாக ஒரு நொதியம் என்று அவர் கேட்கிறார்.

தேயிலைக் கொழுந்துக் கணக்குத் தெரிந்த நம்மவர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது: இரண்டு இலையும் ஒரு மொட்டும் போல, இரண்டு சி, ஒரு ஏ. அந்தக் கடைசி ஏ எழுத்தின் வெல்லப் பகுதியில்தான் அமினோ அமிலம் வந்து இணைகிறது. அதற்கு முன்னுள்ள இரண்டு சி எழுத்துகளும், புரதம் கட்டும் இயந்திரமான இறைபோசோமுக்குள், பற்றீரியாவில் அதன் சொந்தப் பாகமான 23எஸ் ஆர்.என்.ஏ.யிலுள்ள குவானீன் எழுத்துகளுடன் சோடி சேர்ந்து, புரதப் பிணைப்பு நிகழ வேண்டிய இடத்தில் அமினோ அமிலத்தைச் சரியாகப் பிடித்து நிறுத்துகின்றன. இந்த மூன்றும் இல்லாத இடமாற்று ஆர்.என்.ஏ. எதையும் சுமக்க முடியாத வெறும் மூலக்கூறு.

இப்போது கேள்விக்கு வருவோம். தங்கை சொல்வதைப் போலவே செய்த பற்றீரியா உண்மையில் இருக்கிறது. ஈ.கோலியின் எல்லா இடமாற்று ஆர்.என்.ஏ. மரபணுக்களிலும் சி சி ஏ எழுதப்பட்டே இருக்கிறது. பசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பற்றீரியாவில் சில மரபணுக்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஆகவே அங்கே அந்த நொதியம் இல்லாமல் உயிர்வாழவே முடியாது. மனிதன் உட்பட மெய்க்கருவுயிர்களின் கலக்கருவிலுள்ள மரபணுக்களிலோ அது எழுதப்படுவதே இல்லை. என்னை வியக்க வைப்பது ஈ.கோலிதான். எழுத்துகள் மரபணுவிலேயே இருந்தும் அது அந்த நொதியத்தைக் கைவிடவில்லை. நொதியத்தை நீக்கிப் பார்த்தபோது பற்றீரியா சாகவில்லை, ஆனால் அதன் வளர்ச்சி மந்தமாகிவிட்டது. காரணம், அதே கலத்திலுள்ள ஆர்.என்.ஏஸ் ரி போன்ற நொதியங்கள் முடிந்த இடமாற்று ஆர்.என்.ஏ.க்களின் நுனி எழுத்துகளை இடைவிடாமல் நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. மரபணு ஒருமுறை எழுதிக் கொடுப்பதோடு விலகிவிடுகிறது. தேய்ந்த நுனியைத் திரும்ப எழுதிக் கொடுக்க யாராவது இருந்தே ஆக வேண்டும். என்னுடைய எண்ணத்தில் அந்தத் தங்கையின் கேள்விக்கான விடை இந்தப் பழுதுபார்க்கும் வேலையில்தான் இருக்கிறது.

அது எப்படி எழுதுகிறது என்பதுதான் இந்தக் கதையின் மிக அழகான பகுதி என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியங்களுக்கு எதிரே பார்த்து எழுத ஓர் அச்சு இழை வேண்டும். இந்த நொதியத்துக்கு அப்படி எந்த இழையும் இல்லை. அதன் பிணைப்புக் குழியிலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலமும் ஆர்ஜினைனும், வந்து சேரும் எழுத்தின் விளிம்போடு ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்தி, இன்னொரு நியூக்கிளியோரைட்டு, அதாவது எதிர் இழையின் எழுத்து, செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்கின்றன. அதாவது அச்சு இழையின் இடத்தில் புரதமே நிற்கிறது. இரண்டு சி சேர்ந்த பிறகு அதே குழியின் அமைப்பு சற்றே மாறி, சி எழுத்தைத் தரும் சி.ரி.பி.யை விலக்கி, ஏ எழுத்தைத் தரும் ஏ.ரி.பி.யை ஏற்றுக்கொள்கிறது. ஏ சேர்ந்ததும் வேலை நின்றுவிடுகிறது. இதற்கு இடமாற்று ஆர்.என்.ஏ. முழுவதும் தேவையில்லை, அமினோ அமிலத்தைத் தாங்கும் மேல் பாதி போதும். எந்த அமினோ அமிலத்துக்கு உரியது என்பதைக் காட்டும் எதிர்க்குறியன் எதுவாக இருந்தாலும் நொதியத்துக்கு அக்கறையில்லை.

கூர்ப்பு இந்த நொதியத்தைச் சில பற்றீரியாக்களில் இரண்டாகப் பிரித்திருக்கிறது. வெப்பத்தை விரும்பும் அக்விஃபெக்ஸ் ஏயோலிகஸில் இரண்டு சி எழுத்துகளையும் ஒரு நொதியமும், ஏ எழுத்தை வேறொரு நொதியமும் சேர்க்கின்றன என்பது 2001இல் தெரியவந்தது. கதிர்வீச்சைத் தாங்கும் டெய்னோகொக்கஸிலும் இந்தப் பிரிவினை உண்டு. இரண்டு சி மட்டும் சேர்க்கும் நொதியத்துக்கு என்ன ஆயிற்று? ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2008இல் காட்டியது இதுதான்: வளைந்து கொடுக்கும் ஒரு சிறிய கண்ணிப் பகுதி அதில் காணாமற் போயிருக்கிறது. அந்தக் கண்ணியைத் திரும்பப் பொருத்தியபோது, நொதியம் மீண்டும் ஏ எழுத்தைச் சேர்க்கத் தொடங்கியது. ஈ.கோலியின் ஆர்.என்.ஏ.க்களுக்கு ஏ எழுத்துகளாலான வாலைச் சேர்க்கும் நொதியமும் இதே குடும்பத்தின் நெருங்கிய உறவினர்தான். சின்னஞ்சிறு மாற்றங்களால் ஒரே மூதாதை இத்தனை தொழில்களுக்குப் பிரிந்திருக்கிறது என்பதை, கூர்ப்பு என்றாலே எலும்புகளும் புதைபடிவங்களும் மட்டும்தான் என்று நினைக்கும் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும்.

இந்த நொதியம் தரமும் பார்க்கிறது. தண்டுப் பகுதி உறுதியில்லாத இடமாற்று ஆர்.என்.ஏ. வந்தால், ஒரு சி சி ஏயோடு நிற்காமல் இரண்டாவது முறையும் சேர்த்து, சி சி ஏ சி சி ஏ என்று முடிக்கிறது. அது அழிக்கப்பட வேண்டியது என்பதற்கான அடையாளம் அது. 2011இல் வெளியான இந்த முடிவு, பற்றீரியா, ஆர்க்கியா, மெய்க்கருவுயிர் என்ற உயிரின் மூன்று பேரரசுகளிலிருந்தும் எடுத்த நொதியங்களில் காணப்பட்டது.

கடைசியாக, நம் தோட்டங்களில் யாருக்கும் புதிதல்லாத காசநோயைப் பற்றி. அதை உண்டாக்கும் பற்றீரியாவிடம் மென்ட்3 என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. அதுவும் நியூக்கிளியோரைட்டுகளைச் சேர்க்கும் நொதியம்தான். ஆனால் அது, சி சி ஏ முடிந்து வேலைக்குத் தயாராக இருக்கும் சொந்த இடமாற்று ஆர்.என்.ஏ.யின், முக்கியமாக செரினைச் சுமப்பதன், நுனியில் மேலும் சி எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறது. ஏ இனிக் கடைசி எழுத்து அல்ல, ஆகவே செரின் ஏற இடமில்லை. புரதத் தொகுப்பு முடங்கி, பற்றீரியாவின் வளர்ச்சி தடைப்படுகிறது. 2020இல் விவரிக்கப்பட்ட இந்த நஞ்சை, அந்தப் பற்றீரியாவுக்கு எதிராகவே திருப்ப முடியுமா என்பதில் எனக்கு மிகுந்த ஆர்வம் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், குறிப்பாகப் பண்டாரவளைத் தங்கை.